ஊர்த்தெருவுக்கு ஒரு கேக்

"ம்மா, நம்ம வூட்ல கறி ஆக்காத பாத்திரம் ஏதாச்சும் கீதா?"

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் ஒரு மாலை நேரம். நான் தரையில் உட்கார்ந்து யாருக்கோ பாவாடை ஓரம் மடித்துக்கொண்டிருந்தேன். என் மகள் ஜெனி அடுப்படி வாசலில் நின்று இப்படிக் கேட்டாள். எட்டாவது படிக்கிறாள். கையில் மாவு, மூக்கில் மாவு, என்னுடைய போனின் மேலும் மாவு.

கறி ஆக்காத பாத்திரத்துக்கு எங்கள் வீட்டில் எங்கே போவது? குக்கர், குண்டான், சட்டி எல்லாம் ஞாயிற்றுக்கிழமை பார்த்தவைதான். மழைக்காலத்தில் ஏரி மீன் வேறு. பால் காய்ச்சுகிற கிண்ணத்தில்கூட ஒருநாள் அவள் அப்பா கருவாடு ஊறவைத்து என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

எதற்கு என்று கேட்டேன். கேக் செய்ய என்றாள். கேக்குக்கு எதற்கு சைவப் பாத்திரம் என்று கேட்டேன். மூக்கு மாவைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மறுநாள் உத்திரமேரூர் பஜாரில் ஒரு புது அலுமினியத் தட்டு வாங்கி வந்து கொடுத்தேன். பிள்ளை ஆசைப்படுகிறது, போகட்டும் என்று.

ஒரு மாதமாகவே அவளுக்குக் கேக் பைத்தியம். போனில் யாரோ ஓர் அக்கா சொல்லித் தருகிறாள். குக்கரில் கேஸ்கட்டையும் விசிலையும் கழற்றிவிட்டு, அடியில் உப்பைப் பரப்பி, மேலே தட்டை வைத்து மூட வேண்டுமாம். முதலில் செய்தது கரி. அடுத்தது நடுவில் பள்ளம் விழுந்து ஏரி மாதிரி இருந்தது. இரண்டையும் அவள் அப்பாதான் தின்றார். நல்லா கீது, நல்லா கீது என்று சொல்லியே தின்றார். அவர் ஜேசிபி ஓட்டுகிறவர், கல்லையும் மண்ணையும் பார்த்துப் பழகியவர்.

பிறகு ஒருநாள் முட்டைக்குப் பதிலாகத் தயிர் ஊற்றலாமா என்று கேட்டாள். முட்டை போட்டால்தானே மெத்தென்று வரும் என்றேன். முட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். இன்னொரு நாள் சுவரில் தொங்கும் நாட்காட்டியைப் புரட்டி, பண்டிகை நாள் ஏகாதசியா, சனிக்கிழமையா, அமாவாசையா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அவளுடைய சிநேகிதி காவ்யாவிடம் போனில், உங்க அப்பா இந்த வருஷம் மாலை போட்டிருக்காரா என்று விசாரித்தாள். முழங்கால் வலி, அதனால் சபரிமலைக்கு இந்தத் தடவை போகவில்லை என்று பதில் வந்தது. ஜெனி தலையை ஆட்டிக்கொண்டாள்.

எனக்கு அப்போதும் பொறி தட்டவில்லை. ரவிக்கையில் ஒரு தையல் விலகியிருந்தால் பத்தடி தள்ளி நின்றே சொல்லிவிடுவேன். நான் பெற்றது என் கண்ணெதிரில் என்ன தைக்கிறது என்று தெரியவில்லை.

கேக்கு காவ்யா வீட்டுக்கு என்று அவள் சொன்னபோதுதான் என் கை நின்றது. அவர்களுக்கு பேக்கரிப் பெட்டி வாங்கி வைத்திருக்கிறேனே என்றேன்.

"அது நீ குடுக்கறது. இது நான் குடுக்கறது" என்றாள்.

பெட்டி வந்த கதை

வெளியூர்க்காரர்களுக்கு இந்தப் பெட்டி விஷயத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

எங்கள் கிராமம் உத்திரமேரூரிலிருந்து ஷேர் ஆட்டோவில் போகிற தூரம்தான். நாங்கள் காலனி. நிலபுலன் உள்ளவர்கள் குடியிருப்பது ஊர்த்தெரு. நடுவில் ஒரு கால்வாயும் கொஞ்சம் வயலும். வயல் அவர்களுடையது, அதில் நாற்று நடுகிற கைகள் எங்கள் பக்கத்தவை. கால்வாய்த் தண்ணீர் யாருடையது என்று மட்டும் யாரும் சண்டை போட்டதில்லை, ஏனென்றால் பாதி வருஷம் அதில் தண்ணீரே இருக்காது.

தீபாவளிக்கு ஊர்த்தெருவிலிருந்து எங்களுக்குப் பலகாரம் வரும். அதிரசம், முறுக்கு, லட்டு, எல்லாம் வீட்டில் செய்தது. நாங்கள் வாங்கிச் சாப்பிடுவோம். ருசியாகவும் இருக்கும், அதில் பொய் சொல்ல என்ன இருக்கிறது.

கிறிஸ்துமஸுக்கு நாங்கள் திருப்பிக் கொடுக்க வேண்டும். எங்கள் தெருவுக்குள் கொடுப்பதென்றால் நான் சுட்ட முறுக்கு, சோமாசு. ஊர்த்தெருவுக்கென்றால் அது கிடையாது. என் சின்ன வயதில், புள்ளலூர்ப் பக்கம் என் பிறந்த வீட்டில், வாழைப்பழம், சர்க்கரை, வெற்றிலை பாக்கு என்று அடுப்பில் ஏறாத பொருளாகத் தட்டில் வைத்து அனுப்புவார்கள். இங்கே வாக்கப்பட்டு வந்தால் இங்கேயும் அதே தட்டு. அப்புறம் பஸ் ஸ்டாண்டு பக்கம் பேக்கரி வந்தது. அட்டைப் பெட்டியில் கேக்கை வைத்து, டேப் ஒட்டிக் கொடுத்தார்கள். எல்லோருக்கும் நிம்மதி. கேக் கொடுத்த மாதிரியும் ஆயிற்று, எங்கள் அடுப்பு பட்ட மாதிரியும் இல்லை.

இது ஏன் என்று யாரும் கேட்பதில்லை. யாரும் விளக்குவதும் இல்லை. டீக்கடையில் பேப்பர் கப் வந்த கதைதான் இதுவும். ஒருவர் மனமும் மாறாமலேயே தனித் தம்ளர் பிரச்சினை தீர்ந்துவிட்டது அல்லவா?

காவ்யாவின் அம்மா, ஊர்த்தெரு சுமதியக்கா, என் தையல் கடைக்குப் பல வருஷமாக வருகிறவர். அவர் இடுப்பளவு அவர் புருஷனுக்குத் தெரியுமோ தெரியாதோ, எனக்குத் தெரியும். அவர் உடம்பை அளந்த கை இது. இதே கை சுட்ட முறுக்கு அவர் வீட்டுப் படி ஏறாது. தண்ணீர் பாட்டிலைக்கூடக் கையோடு கொண்டுவருவார்.

கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். பள்ளிக்கூடத்தில் ஜெனி விழுந்து கையை முறித்துக்கொண்டபோது, நான் கடையை மூடிவிட்டு ஓடி வருவதற்குள் அவளை ஸ்கூட்டியில் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் சுமதியக்காதான். என் பிள்ளை அவர் தோளில் சாய்ந்து அழுதிருக்கிறது. கட்டுப் போட்டு முடிக்கும்வரை கூடவே இருந்தார். அதை நான் மறக்க மாட்டேன். அந்த அன்பையும் இந்தப் பெட்டியையும் எப்படி ஒரே மனசில் வைத்துக்கொள்கிறார் என்பதுதான் எனக்குப் புரியாதது. ஒருவேளை அவருக்கும் புரியாமல் இருக்கலாம்.

எங்கள் வீட்டுச் சாமிகள்

எங்கள் வீட்டில் நான் சர்ச், ஜெனியின் அப்பா மாரியம்மன். கல்யாணத்தின்போது இரண்டு பக்கமும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். பிள்ளை பிறந்ததும் இறக்கிவிட்டார்கள். ஆடி மாதம் அவர் கூழ் ஊற்ற நான் அண்டா கழுவுவேன். டிசம்பரில் கூரை மேல் ஏறி ஸ்டார் கட்டுவது அவர் வேலை. எப்போது கட்டினாலும் கொஞ்சம் சாய்வாகத்தான் கட்டுவார். ஒவ்வொரு வருஷமும் அதைச் சொல்லிக் காட்டுவதை நானும் விட்டதில்லை.

சின்ன வயதில் ஜெனி கேட்பாள், அப்பா சாமி பெரிசா அம்மா சாமி பெரிசா என்று. ரெண்டு பேருக்கும் நம்ம வூட்டு அட்ரஸ் தெரிஞ்சா போதும் என்பார் அவர். அன்றைக்கு அது சிரிப்பாக இருந்தது. இப்போது யோசித்தால், என் பக்தியும் கிட்டத்தட்ட அதே அளவுதான். சாமி எங்களை மறந்துவிடக் கூடாது, அவ்வளவே.

பிள்ளைக்கு ஜெபம் சொல்லித் தந்தேன், பாட்டு சொல்லித் தந்தேன். எந்த வீட்டில் உட்காரலாம், எந்த வீட்டில் கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டும், எங்கே தண்ணீர் கேட்கக் கூடாது என்பதையெல்லாம் நான் சொல்லித் தரவில்லை. என் அம்மாவும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. பிள்ளைகள் நம் நடையைப் பார்த்து அதுகளாகவே கற்றுக்கொள்கின்றன. ஜெனி மட்டும் அதைக் கற்றுக்கொள்ளவில்லை என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கை எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

அதனால்தான் கேக் விஷயம் என்னைப் பிடித்து ஆட்டியது. இவள் ஆசையாகக் கொண்டுபோவாள். அவர்கள் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். இவள் திரும்பியதும் மாட்டுக்கோ நாய்க்கோ போகும். என்றைக்காவது இவளுக்குத் தெரியவரும். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய அதே ஆன்ட்டி வீட்டில் தெரியவரும். அந்த நாள் வராமல் இருக்கத்தானே இத்தனை வருஷம் பெட்டி வாங்கினேன்.

ஜெனியின் அப்பாவிடம் சொன்னேன், எப்படியாவது பேசித் தடுத்துவிடு என்று. அவர் கையில் ஒட்டியிருந்த கிரீஸைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

"இன்னாத்துக்கு தடுக்கணும்? கேக்குதானமே செய்யுது கொயந்த, குண்டா செய்யுது?"

உனக்கு ஒன்றும் புரியாது என்று கத்தினேன். புரிகிறது என்றார். 

கால்வாய்ப் பாதை

கிறிஸ்துமஸ் அன்று ஆராதனையில் போதகர் ஐயர் வழக்கம்போல, பாலன் பிறக்கச் சத்திரத்தில் இடமில்லாத கதையைச் சொன்னார். கர்ப்பிணியோடு ஒவ்வொரு வாசலாக நின்றார்கள், இடமில்லை என்றார்கள். வருஷா வருஷம் கேட்கிற பிரசங்கம்தான். இந்த முறை எனக்கு அந்த வாசல்கள் மட்டுமே கண்ணில் நின்றன. பாட்டுப் பாட வாய் வரவில்லை. ஜெனி பக்கத்தில் நின்று நன்றாகவே பாடினாள்.

வீட்டுக்கு வந்து பிரியாணியைக்கூடத் தொடாமல் கேக்கை எடுத்து வைத்தாள். நன்றாக வந்திருந்தது. மேலே முந்திரியும் டூட்டி ஃப்ரூட்டியும் வைத்து, புதுத் தட்டோடு ஒரு வெள்ளைத் துணியில் மூடியிருந்தாள். ஓரத்தில் உதிர்ந்திருந்ததை எடுத்துத் தின்று பார்த்தேன். கொஞ்சம்கூடக் குறை சொல்ல முடியவில்லை. நானும் கூட வருகிறேன் என்றேன். பேக்கரிப் பெட்டியை என் பைக்குள் போட்டுக்கொண்டேன். வாசலில் ஏதாவது ஆனால் சட்டென்று எடுத்து நீட்டிவிடலாம் என்று கணக்கு.

மழை விட்டு நான்கைந்து நாள் ஆகியும் கால்வாய்ப் பாதை சேறாகத்தான் இருந்தது. கால்வாயில் அதிசயமாகத் தண்ணீர் ஓடியது. ஜெனி தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முன்னால் போனாள். புதுச் சுடிதார், நான் தைத்தது. பாதி தூரம் போனதும் அவளை நிறுத்தினேன். ஏதாவது சொல்லித்தான் ஆக வேண்டும், அங்கே போய் அடிபடுவதைவிட என் வாயால் கேட்கட்டும் என்று தோன்றியது. சில வீடுகளில் சில பழக்கம் இருக்கும், அவர்கள் உடனே சாப்பிடாவிட்டால் நீ மனசில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று சுற்றி வளைத்து என்னவோ உளறினேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பாவம் பார்க்கிற பார்வை அது.

"எனக்குத் தெர்யும்மா. அஞ்சாவதுலயே தெர்யும்."

எப்படி என்று கேட்டேன். 

"காவ்யா டெய்லி என் டப்பாலதான் சாப்புடறா. உன் கொயம்புன்னா அவளுக்கு உசுரு. ஆனா வூட்ல சொல்லிடாதடின்னு சொல்லுவா. ஸ்கூல்ல சாப்புடறா, வூட்ல சாப்புட மாட்டா. அதான் வூட்டுக்கே எடுத்துக்கினு போறேன்."

முட்டை இல்லை. கறி பட்ட தட்டு இல்லை. மாலை இல்லை, ஏகாதசி இல்லை, சனிக்கிழமை இல்லை. ஒரு மாதமாக என் மகள் அவர்கள் சொல்லக்கூடிய சாக்குகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்திருக்கிறாள் என்று எனக்கு அந்தச் சேற்றுப் பாதையில்தான் விளங்கியது. மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று. அதை அவர்கள் வாயால் சொல்லட்டும், இல்லாவிட்டால் கேக்கைச் சாப்பிடட்டும்.

திரும்பிப் போய்விடலாம் என்று அவள் கையைப் பிடித்தேன். கேக்கு சாயுதும்மா, கைய வுடு என்றாள். விட்டுவிட்டேன்.

கேட்

ஊர்த்தெருவில் வாசலுக்கு வாசல் மார்கழிக் கோலம், சாணி உருண்டையில் பூசணிப்பூ. ஏதோ ஒரு வீட்டில் டிவி அலறியது. நான் கோலங்களை மிதிக்காமல் ஓரமாக நடந்தேன். ஜெனியும் ஓரமாகத்தான் நடந்தாள், ஆனால் தலை நிமிர்ந்திருந்தது.

கேட்டைத் திறந்தது காவ்யா. கேக்கைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்து, அடுத்த நொடி வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தது. சுமதியக்கா கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். வா ஜெனி, வாம்மா ஸ்டெல்லா என்று நல்லபடியாகத்தான் கூப்பிட்டார். கேட்டுக்கு உட்பக்கம் அவர், வெளிப்பக்கம் நாங்கள்.

"ஆன்ட்டி, நானே செஞ்சது. முட்ட போடல. புதுத் தட்டு. சாப்ட்டு எப்பிடி கீதுன்னு சொல்லுங்க" என்றாள் ஜெனி. துணியை விலக்கி, கத்தியையும் அவளே நீட்டினாள்.

சுமதியக்கா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. என்னைக் காப்பாற்றேன் என்று கேட்கிற மாதிரி இருந்தது. என் கை பைக்குள் போனது. பெட்டியின் டேப் விரலில் பட்டது. எடுத்து நீட்டினால் எல்லோருக்கும் நல்லது. ஜெனியைப் பார்த்தேன். கத்தியை நீட்டிய கையை அவள் இறக்கவே இல்லை. அதைப் பார்த்த பிறகு என்னால் பெட்டியை எடுக்க முடியவில்லை. வெறும் கையோடு நின்றேன்.

 சுமதியக்கா கத்தியை வாங்கினார். ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டுக்கொண்டார். நான் பார்த்தேன், மென்றார்.

"யாரும்மா அது கேட்டாண்ட?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அவருடைய மாமனார்.

"டெய்லரம்மா, மாமா. ப்ளவுஸ் குடுக்க வந்துகீது."

வாய் நிறையக் கேக்கை வைத்துக்கொண்டு சொன்னார் சுமதியக்கா. சொல்லிவிட்டு எங்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் தட்டைப் பார்த்தார். கண்ணில் நீர் கட்டிக்கொண்டது அவருக்கு. எனக்கு அவர் மேல் கோபம் வந்தது, இரக்கமும் வந்தது. இத்தனை பெரிய வீட்டில் ஒரு துண்டு கேக்கைத் தைரியமாகத் தின்ன அவருக்கு இடமில்லை.

"ப்ளவுஸ் இல்ல தாத்தா. ஜெனி கேக்கு கொண்டாந்துகீறா" என்று கத்தியது காவ்யா. சொன்னதோடு நிற்காமல் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

நாங்கள் மூன்று பேரும் அப்படியே நின்றோம். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. திட்டினாலாவது ஏதோ ஒன்று முடிந்தது என்று இருக்கும். கொஞ்ச நேரம் கழித்து காவ்யா வெறும் கையோடு வந்தாள். தாத்தா சாப்ட்டாரு, நல்லா கீதுன்னு சொன்னாரு என்றாள். ஜெனி சிரித்து, தேங்க்ஸ் சொல்லுடி தாத்தாவுக்கு என்றாள். சுமதியக்கா கேக்கைத் தட்டோடு உள்ளே எடுத்துக்கொண்டு போனார். தட்டோடு உள்ளே போனதை நான் பார்த்துக்கொண்டேன்.

திரும்பும்போது

தெருவில் கொஞ்ச தூரம் வந்ததும் நானே பேச்சை எடுத்தேன். பெரியவரே சாப்பிட்டுவிட்டாராமே, பார்த்தாயா என்று. என் குரலில் இருந்த சந்தோஷம் எனக்கே கேட்டது.

"அவரு சாப்புடலம்மா" என்றாள்.

எப்படிச் சொல்கிறாய் என்றேன்.

"காவ்யா வெளிய வரச்சொல்ல வாய தொடச்சிக்கினே வந்தா. அந்தத் துண்ட அவளே துன்னுட்டா. எனக்கோசரம் பொய் சொன்னா." கொஞ்சம் நடந்துவிட்டுச் சொன்னாள்: "பரவால்ல. சுமதி ஆன்ட்டி சாப்ட்டாங்க. அத நான் கண்ணால பாத்தேன்."

அழாமல்தான் சொன்னாள். மார்க் ஷீட்டைப் படித்துச் சொல்கிற மாதிரி, இது பாஸ், இது ஃபெயில் என்று. நான் இத்தனை வருஷமாக எந்த அடி இவள் மேல் படக் கூடாது என்று மறைத்து மறைத்து வைத்தேனோ, அதை இவள் பத்து வயதிலேயே வாங்கிக்கொண்டு, எனக்குத் தெரிந்தால் நான் தாங்க மாட்டேன் என்று என்னிடம் மறைத்திருக்கிறாள். தினமும் நான் கட்டிக் கொடுத்த டப்பாவை வைத்துக்கொண்டு, தினமும் ஒன்றுமே தெரியாத மாதிரி வீட்டுக்கு வந்திருக்கிறாள். அதை நினைத்ததும் எனக்கு அடக்க முடியவில்லை. பட்டப்பகலில், புதுப் புடவையில், நடுத்தெருவில் அழுகை பொங்கிக்கொண்டு வந்தது.

ஜெனி என் பக்கமாக ஒட்டி நடந்தாள். அந்தப் பக்கத்து வீடுகளிலிருந்து என் முகம் தெரியாதபடி மறைத்துக்கொண்டு, உதடு அசையாமல் சொன்னாள்.

"கண்ணத் தொடச்சிக்கோம்மா. நாம இன்னும் ஊர்த்தெருவ தாண்டல."